பிளக் மாற்றினோம் என்று கடைக்காரர் சொன்னால் பழைய பிளக்கைக் கையில் வாங்குங்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் மீன் லோடு அடிக்கிற பெட்ரோல், கேஸ் மினி லாரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். டீசல் வண்டிக்காரர்கள் தாண்டிப் போகலாம், பொறி தட்டி எரிபொருளைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கே உங்கள் இன்ஜினில் கிடையாது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகுகள் கடலுக்குப் போன கையோடு என் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. நிற்கும்போது வண்டி முழுக்க உதறும். லோடோடு பாம்பன் பாலம் ஏறினால் பிக்கப் சுத்தமாக இல்லை. இன்ஜின் லைட் வேறு விட்டு விட்டு மின்னியது. அந்த லைட் மின்னும்போது வண்டியை இழுத்துப் பிடித்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியில் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் பொசுக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால் பிளக் செலவு ஒன்றுமே இல்லை.

ராமநாதபுரம் போகிற வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனர் பி0302 என்று காட்டியது, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். "நாலு பிளக்கும் போச்சுண்ணே. இரிடியம் போட்டுருவோம், லட்சம் கிலோமீட்டர் ஓடும்" என்றார் வேலை பார்த்த தம்பி. பில்லில் நாலு இரிடியம் பிளக், கூடவே இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் கிளீனிங், மொத்தம் 6,400 ரூபாய். பழைய பிளக் எங்கே என்றேன். "குப்பையில போட்டாச்சுண்ணே."

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் விடியற்காலை ஈரக்காற்றில் மறுபடி அதே உதறல்.

இந்த முறை உச்சிப்புளியில் ஒரு பெரியவரிடம் போனேன். சீட்டைத் தூக்கி, இன்ஜின் ஆறும்வரை கை வைக்கவே இல்லை. சூட்டோடு பிளக்கைத் திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும் என்றார். முதல் கடையில் வண்டி போன சூட்டிலேயே கழற்றத் தொடங்கியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால், கைக்கு எட்டுகிற இரண்டு பிளக் மட்டும் புதுசு. அதுவும் இரிடியம் இல்லை, சாதா நிக்கல். இரிடியத்தின் நடுமுனை ஊசி போல மெல்லிசாக இருக்கும், இது தடியாக இருந்தது. எட்டாத இரண்டும் முனை தேய்ந்துபோன என் பழைய பிளக்குகளேதான்!

சரி, உண்மையான கோளாறு என்ன? பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிறது காயில். இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார், மூன்றாவதை இரண்டில் மாட்டினார். ஸ்கேனரில் இப்போது பி0303. கோளாறு காயிலோடு நகர்ந்தது, ஆக காயில்தான் போயிருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது. அதன் கனெக்டரில் பச்சை பச்சையாகக் களிம்பு. கடற்காற்றோடு மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். முதல் கடைக்காரர்கள் அந்தக் கனெக்டரைக் கழற்றி மாட்டியதில் கொஞ்ச நாள் தொடர்பு கிடைத்திருக்கிறது, அதைத்தான் பிளக் மாற்றியதன் பலன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காயில், உண்மையிலேயே நாலு புது பிளக், கனெக்டரில் ஈரம் புகாமல் கிரீஸ். உதறல் போய்விட்டது.

கழற்றிய பிளக்குகளை எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். முதலாளி, "அது வேற பையன் பார்த்த வேலை, ரெண்டு பிளக் காசை வாங்கிட்டுப் போங்க" என்றார். அதை எழுதித் தாருங்கள் என்றதும் ஆள் மாறிவிட்டார். பில், ஸ்கேனர் படம், பிளக் படம் எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பிளக் மாற்றக் கொடுப்பவர்கள் பில்லில் பிளக்கின் கம்பெனியும் நம்பரும் எழுதச் சொல்லுங்கள், காலி அட்டைப் பெட்டியையும் கேளுங்கள். புகார் நடக்கிறது என்பதால் கடை பெயரை இப்போது சொல்வதற்கில்லை.