கோடுக்கு முன்னால் ஸ்பெக்: ஓப்பன்ஏபிஐயைப் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழிதான் ஏபிஐ. அதில் என்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்று விவரிக்கும் பொது வடிவம் ஓப்பன்ஏபிஐ, அப்படி எழுதிய கோப்பைத்தான் ஸ்பெக் என்கிறேன். ஏபிஐ வடிவமைக்க ஓப்பன்ஏபிஐ உதவுமா என்று கேட்டால் உதவும் என்றுதான் சொல்வேன். ஆனால் கோடு (நிரல்) எழுதுவதற்கு முன்னால் ஸ்பெக்கை எழுத வேண்டும். கோடை முடித்துவிட்டு அதிலிருந்து ஸ்பெக்கை உருவி எடுத்தால், பார்க்க அழகான ஆவணப் பக்கம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டு விதமாகவும் வேலை செய்த பிறகே இதைச் சொல்கிறேன்.

சரக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கான ஒரு சேவையில் சர்வர் பக்கம் என் வேலை. எங்கள் மொபைல் டீம் எங்கள் ஏபிஐயைப் பயன்படுத்துகிறது, வெளி நிறுவனங்களின் டெவலப்பர்களும் பயன்படுத்துகிறார்கள். வெளியில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களோடு நான் பேசியதுகூடக் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு அவர்களில் ஒருவர் எங்கள் சேவையை இணைக்க உட்கார்ந்தால், அவருக்குத் துணையாக இருப்பது அந்த ஸ்பெக் ஒன்றுதான். அதனால் அதை உயிருள்ள மனிதர் படிக்கப்போகிற ஒன்றாக நினைத்தே எழுதுகிறேன்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. வேர்ட்னிக் என்ற ஆன்லைன் அகராதி நிறுவனத்தில் டோனி டாம் தொடங்கிய ஸ்வாகர்தான் இதன் மூலம். 2015 கடைசியில் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது, 2016இல் ஓப்பன்ஏபிஐ என்று பெயர் மாறியது. 3.0 பதிப்பு 2017இல் வந்தது, 3.1 2021இல் வந்தது. ஸ்வாகர் என்ற பெயர் இப்போது கருவிகளுக்கு மட்டும்தான். பேச்சு வழக்கில் எல்லாரும் இன்னும் ஸ்வாகர் என்றே சொல்கிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை.

ஸ்பெக்கை முதலில் எழுதுவதால் என்ன கிடைக்கிறது? சண்டை சீக்கிரம் நடக்கிறது. ஸ்பெக் இருக்கும் யாமல் (YAML) கோப்பில் ஐம்பது வரியைப் புல் ரிக்வெஸ்டாக, அதாவது மற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய மாற்றமாகப் போட்டால், மொபைல் டீமிலிருந்து ஒருவர் வந்து, "இந்தப் பட்டியலில் வாடிக்கையாளர் பெயரும் வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் தனியாக ஒரு கோரிக்கை அனுப்ப வேண்டும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை டேபிளும் கோடும் டெஸ்டும் எழுதி முடித்த பிறகு கேட்டால் ஒரு வாரம் போய்விடும். கோப்பு நிலையிலேயே கேட்டால் இரண்டு வரி திருத்தினால் போதும். ஒப்புதல் ஆனதும் பிரிஸம் என்ற மாக் (போலி) சர்வரில் அந்தக் கோப்பைக் கொடுத்துவிடுகிறோம். ஸ்பெக்கில் இருக்கிற உதாரணங்களையே அது பதிலாகத் தரும். நாங்கள் டேட்டாபேஸைத் தொடுவதற்கு முன்பே மொபைல் டீம் திரைகளைக் கட்ட ஆரம்பித்துவிடும்.

கோடிலிருந்து ஸ்பெக் எடுக்கும் வழியைக் குறை சொல்ல மாட்டேன். பைதானில் ஏபிஐ எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ அதை ரொம்ப அழகாகச் செய்கிறது, ஒரே டீமுக்குள் புழங்கும் சேவைக்கு அது போதும். வெளியாட்கள் நம்பியிருக்கும் ஏபிஐக்கு வந்தால்தான் பிரச்சினை. உள்ளே ஒருவர் கிளாஸின் பெயரையோ ஃபீல்டின் பெயரையோ ஒழுங்குபடுத்துவார். வெளியே இருப்பவருக்கு ஒப்பந்தமே மாறிப்போயிருக்கும், ஆனால் யாரும் முடிவெடுத்து மாற்றியதில்லை.

ஸ்பெக்கை முதலில் எழுதும்போது ஒவ்வொரு ஃபீல்டுக்கும் (தகவல் புலத்துக்கும்) வகை என்ன என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். அடையாள எண்ணை எடுத்துக்கொள்வோம். சர்வரில் அது 64 பிட் முழு எண், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் துல்லியமாகத் தாங்குவது 9007199254740991 வரைதான். அதைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். ட்விட்டர் 2010இலேயே இதற்காக ட்வீட் எண்ணைச் சரமாகவும் (எழுத்துத் தொடராகவும்) சேர்த்து அனுப்பத் தொடங்கியது. எங்கள் ஸ்பெக்கில் அடையாள எண் எல்லாமே சரம்தான். கூட்டிக் கழிக்காத எதையும் எண்ணாக வைக்க வேண்டியதில்லை. பணம் மட்டும் முழு எண், அதுவும் பைசாவில். தசமத்தில் ரூபாய் வைத்தால் மிதவைப் புள்ளிக் கணக்கில் எங்காவது ஒரு பைசா இடறும்.

தேதி இன்னும் வில்லங்கம். டெலிவரி தேதி என்பது ஒரு நாள். அதைத் தேதியும் நேரமுமாக வைத்தால், நம் நள்ளிரவு 12 மணி உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை 6:30. நேர மண்டலத்தைக் கவனிக்காத கிளையண்ட் (ஏபிஐயை அழைக்கும் ஆப்) ஒரு நாளைக் குறைத்துக் காட்டிவிடும். அதனால் நாளைக் குறிப்பதற்கு டேட் என்ற வடிவம், நொடி வரை தேவைப்படும் நிகழ்வுகளுக்கு மட்டும் டேட்-டைம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் சந்திக்கிற இன்னொன்றும் உண்டு. +05:30 என்று முடியும் நேரத்தை யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியில் குறியாக்கம் செய்யாமல் அனுப்பினால், பல சர்வர்கள் அந்தக் கூட்டல் குறியை இடைவெளியாகப் படிக்கும். வடிகட்டும் அளவுருக்களில் பொது நேரத்தை மட்டும் ஏற்போம் என்று ஸ்பெக்கிலேயே எழுதியதும் அந்த வகைப் புகார்கள் நின்றுபோயின.

தமிழில் முகவரி வரத் தொடங்கியபோது நீள வரம்பு பற்றியும் யோசிக்க வேண்டி வந்தது. ஓப்பன்ஏபிஐயில் நீள வரம்பைச் சொல்லும் மேக்ஸ்லெங்க்த், யூனிகோடு குறிப்புள்ளிகளை எண்ணும்; உயிர்மெய்யில் மெய்க்கும் உயிர்க் குறிக்கும் தனித்தனிப் புள்ளி. திருநெல்வேலி நம் கண்ணுக்கு 6 எழுத்து, குறிப்புள்ளிக் கணக்கில் 12, யூடிஎஃப்-8இல் சேமித்தால் 36 பைட். ஸ்பெக் குறிப்புள்ளியை எண்ண, லேபிள் பிரிண்டரின் மென்பொருள் பைட்டை எண்ண, திரையில் காட்டுபவர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணினால், முகவரி பாதியில் வெட்டுப்படும். எந்தக் கணக்கு என்பதை ஃபீல்டின் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது.

அடுத்தது கோடு ஜெனரேட்டர்கள். ஸ்பெக்கைக் கொடுத்தால் கோட்லின், ஸ்விஃப்ட், டைப்ஸ்கிரிப்ட் என்று கிளையண்ட் நூலகம் வரும் என்கிறார்கள். வரும். எந்தத் தரத்தில் வரும் என்பது ஸ்பெக்கைப் பொறுத்தது. ஒவ்வொரு செயலுக்கும் ஆபரேஷன்ஐடி என்று நீங்கள் கொடுக்கும் பெயர்தான் அங்கே ஃபங்ஷனின் பெயர். அதை விட்டுவிட்டால் பாதையையும் மெத்தடையும் ஒட்டவைத்து ஒரு நீளமான பெயர் வரும், டெவலப்பர் தினமும் அதை டைப் செய்ய வேண்டும். ஒன்ஆஃப் என்று பல வடிவங்களில் ஒன்று வரலாம் என்று எழுதினால், ஸ்பெக்கில் நேர்த்தியாக இருக்கும், ஜெனரேட்டர் உருவாக்கிய கோடில் மொழிக்கு மொழி வேறு வேறு குழப்பம். ஸ்பெக்கைப் படிப்பவர் ரசிக்கிற வடிவத்தைவிட ஜெனரேட்டர் சரியாகப் புரிந்துகொள்கிற தட்டையான வடிவத்தையே நான் இப்போது தேர்ந்தெடுக்கிறேன்.

எனம் (enum), அதாவது ஒரு ஃபீல்டில் வரக்கூடிய மதிப்புகளின் பட்டியல், தனியாகப் பேச வேண்டிய விஷயம். சரக்கின் நிலைக்கு ஐந்து மதிப்புகள் என்று ஸ்பெக்கில் பட்டியல் போட்டிருப்போம். ஆறாவதாக ஒன்றைச் சேர்ப்பது சர்வர் பக்கத்தில் சாதாரண வேலை. பட்டியலை இறுக்கமாக எடுத்துக்கொண்ட பழைய ஆப், தெரியாத மதிப்பைப் பார்த்ததும் முழுப் பதிலையும் படிக்க மறுத்துவிடும். ப்ளே ஸ்டோரில் புது ஆப் போட்டாலும் எல்லாரும் உடனே அப்டேட் செய்வதில்லை. ஆகவே பதிலில் வரும் எனம் வளரக்கூடியது, தெரியாத மதிப்பு வந்தால் கிளையண்ட் இப்படிக் காட்ட வேண்டும் என்பதை முதல் பதிப்பிலேயே எழுதிவிடுகிறோம்.

என்னைக் கேட்டால், ஓப்பன்ஏபிஐயால் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி ஓஏஎஸ்டிஃப் போன்ற ஒப்பீட்டுக் கருவிகள்தான். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் பழைய ஸ்பெக்கையும் புதியதையும் வைத்துப் பார்த்து, ஃபீல்டு நீக்கப்பட்டதா, விருப்பத் தேர்வாக இருந்த அளவுரு கட்டாயமானதா என்று கண்டுபிடித்து பில்டைச் சிவப்பாக்கி, அதாவது தோல்வி என்று காட்டி, நிறுத்திவிடும். முன்பு இது மூத்த டெவலப்பர் ஒருவரின் கண்ணை நம்பி இருந்தது. அவர் விடுப்பில் போனால் பாதுகாப்பும் விடுப்பில் போகும். ஸ்கீமாதெசிஸ் என்ற கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்கைப் படித்து அது கண்டபடி உள்ளீடுகளை எறியும். பெயர் ஃபீல்டில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய எழுத்தை (null) வைத்து அனுப்பும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அதை ஏற்காது, சரிபார்க்காத சர்வர் 500 என்ற உள்பிழையோடு விழும். உட்கார்ந்து யோசித்து எழுதிய டெஸ்டுகளில் அந்த உள்ளீடு வந்திருக்க வாய்ப்பே இல்லை.

சரி, எது வராது? ஓப்பன்ஏபிஐ தரவின் வடிவத்தைச் சொல்லும், சேவையின் நடத்தையைச் சொல்லாது. ஏபிஐயைப் பயன்படுத்துகிறவருக்கு நள்ளிரவில் வரும் சந்தேகம் பெரும்பாலும் நடத்தையைப் பற்றியதுதான். புக்கிங் அனுப்பினேன், நெட்வொர்க் அறுந்துவிட்டது, மறுபடி அனுப்பினால் இரண்டு புக்கிங் ஆகுமா? இதற்கு ஸ்பெக்கில் தனி இடம் கிடையாது. பணப் பரிமாற்றச் சேவையான ஸ்ட்ரைப் செய்வதுபோல ஒரே கோரிக்கைக்கு ஒரே அடையாளச் சாவியை ஹெடரில் (கோரிக்கையோடு வரும் குறிப்பில்) வாங்கிக்கொண்டு, இரண்டாவது முறை வந்தால் முதல் பதிலையே திருப்பித் தருகிறோம். அந்தச் சாவியை எவ்வளவு நேரம் நினைவில் வைப்போம், அதே சாவியோடு வேறு தகவல் வந்தால் என்ன செய்வோம் என்பதெல்லாம் விளக்கப் பகுதியில் நாமே எழுத வேண்டிய உரைநடை. எழுதவும் நேரமெடுக்கும், எந்தக் கருவியாலும் சரிபார்க்க முடியாது. ஆனாலும் படிப்பவர்கள் நன்றி சொல்லி அஞ்சல் அனுப்பியது அந்தப் பத்திகளுக்காகத்தான்.

பிழைச் செய்திகளும் அப்படியே. வடிவத்துக்கு ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) 9457 இருக்கிறது, 2016இல் 7807 ஆக வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்டது. வகை, தலைப்பு, நிலை எண், விவரம் என்று எல்லாப் பிழையும் ஒரே சட்டத்தில் வரும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எழுதும் வாக்கியம் மட்டும் நம் பொறுப்பு. "தவறான உள்ளீடு" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "எடை கிராமில் வேண்டும், தசம எண் ஏற்கப்படாது" என்றால் படித்தவர் அந்த நிமிடமே திருத்திக்கொள்வார். அளவுக்கு மீறிக் கோரிக்கை வருகிறது என்று 429 அனுப்பும்போது எத்தனை நொடி கழித்து வரலாம் என்று ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லையென்றால் கிளையண்ட் உடனே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கும்.

பதிப்பு மாறுவதில் ஒரு வலி உண்டு. 3.0இல் மதிப்பு வெறுமையாக (நல், null) வரலாம் என்பதற்கு நல்லபிள் (nullable) என்று ஒரு தனிக் குறி. 3.1, தரவின் வடிவத்தை விவரிக்கும் ஜேசன் ஸ்கீமாவோடு முழுதாக ஒத்துப்போனதால் அந்தக் குறி போய், வகைகளின் பட்டியலில் நல் என்று சேர்க்கும் முறை வந்தது. மாற்றம் நியாயமானது, நான் வரவேற்கிறேன். ஆனால் நாங்கள் மாறிய சமயம் ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வரவில்லை. ஸ்பெக்கைச் சொந்தமாக 3.1இல் எழுதி, ஒரு கருவிக்காக மட்டும் 3.0ஆக மாற்றித் தரும் நிலை கொஞ்ச காலம் இருந்தது. இதோடு, இருக்கும் தகவலில் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் பேட்ச் மெத்தடில் ஃபீல்டே வராததும் நல் என்று வருவதும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். ஆர்எஃப்சி 7396 சொல்லும் முறையில், வராவிட்டால் அப்படியே விடு, நல் வந்தால் அழித்துவிடு. இரண்டையும் பிரித்துப் பார்க்காத கிளையண்ட் நூலகம் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையே அழித்துவிடும்.

இன்று புதிதாகத் தொடங்குபவர் 3.1இலேயே தொடங்கலாம். விதிமீறலைப் பிடிக்கும் ஸ்பெக்ட்ரல் லிண்டரை முதல் நாளே போட்டு, பெயரிடும் விதிகளை அதில் எழுதிவிடுங்கள். நூறு எண்ட்பாயிண்ட் (ஏபிஐயின் முகவரி) ஆன பிறகு பெயர்களைச் சீராக்க யாருக்கும் மனம் வராது. கோப்பு பெரிதானால் துண்டுகளாகப் பிரியுங்கள், வெளியிடும்போது ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் வந்த 3.2இல் தொடர்ச்சியாக ஓடும் பதில்களை ஒவ்வொரு உருப்படியாக விவரிக்க வழி வந்திருக்கிறது. வண்டி நகர நகர இருப்பிடத்தை அனுப்பும் எங்கள் எண்ட்பாயிண்டுக்கு இது ரொம்ப நாளாகத் தேவைப்பட்டது. இதுவரை அதை உரைநடையில்தான் விளக்கி வைத்திருந்தோம். அந்த ஒன்றை மட்டும் 3.2இல் தனிக் கோப்பாக எழுதி மொபைல் டீமின் கருத்துக்கு வைத்திருக்கிறோம், மற்றதெல்லாம் இப்போதைக்கு 3.1இலேயே இருக்கிறது.