அக்கா பொண்ணுக்கு வாங்கிய காசியோவை மேடை ஏற்றிய கதை

அக்கா பொண்ணு கீபோர்டு கிளாஸ் சேர்ந்ததும், "வாசிக்கிறவன் நீதானே, நீயே வாங்கிக் கொடு" என்று அக்கா சொல்லிவிட்டாள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர் சொச்சம்தான், போய் நாலு கடை ஏறி இறங்கி காசியோ சிடி-எஸ்300 எடுத்து வந்தோம். கடைக்காரர் 400 டோன் (வாத்தியச் சத்தங்கள்), 77 ரிதம் (தாளங்கள்) என்று அடுக்கிக்கொண்டே போனார். அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, பாப்பா எட்டு மாதமாக வாசிப்பது பியானோ, ஃப்ளூட், அப்புறம் ஒரு நாய் குரைக்கும் சத்தம்.

எனக்குப் பிடித்தது வேறு. 61 கீயும் முழு அளவு. எடை 3.3 கிலோதான், பின்பக்கம் உடம்போடு சேர்ந்தே கைப்பிடி, அதைப் பிடித்துக்கொண்டு பாப்பா ஹாலிலிருந்து மாடிக்குத் தானே தூக்கிப் போகிறாள். கரண்ட் போனால் கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன பேட்டரி ஆறு போதும். இதே காசியோவில் சிடி-எஸ்200 இன்னும் விலை குறைவு, ஆனால் அதில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். கற்றுக்கொள்கிற கைக்கு அது ஆகாது, அதனால் கூடக் கொஞ்சம் போட்டு எஸ்300 எடுங்கள், இதில் சுரத்தை வளைத்து வாசிக்கிற பிட்ச் பெண்ட் வீலும் இருக்கிறது.

ஆனால் மேடைக்கு? காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழா கச்சேரி. நான் மேடையில் வாசிக்கிற கீபோர்டு ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, அதன் கரண்ட் அடாப்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த புத்திசாலி நான். அவசரத்துக்கு அக்கா வீட்டுக் காசியோவை வாங்கி வந்தேன். இதில் ஹெட்போன் ஓட்டைதான் மேடை சவுண்டுக்கு ஒயர் இழுக்கவும், அதுவும் சின்ன பின். என்னிடம் இருந்ததோ மேடைக்கான பெரிய பின் ஒயர். சவுண்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு காசியோவின் ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்தார். மூணாவது பாட்டு தெலுங்கு, பாடகி திரும்பி "அண்ணா, அரைக் கட்டை இறக்குங்க" என்கிறார், சுருதியை அரைப் படி இறக்க நான் இருட்டில் ஃபங்ஷன் பட்டனைத் தடவிக்கொண்டிருக்கிறேன். என் ரோலண்டில் வலது கை வாசிக்கும்போதே இடது கை தானாக ட்ரான்ஸ்போஸுக்கு (சுருதி மாற்றும் பட்டனுக்கு) போய்விடும், கண்ணே வேண்டாம். சுரத்தை வளைக்கிற பெண்ட் லீவரைத் தொடாமல் நாதஸ்வர பிட்டு வாசித்தால் அது ஆர்மோனியம் மாதிரி இருக்கும் என்பதால் இடது கை எப்போதும் அந்தப் பக்கம்தான் கிடக்கும்.

அதற்காக ரோலண்டை வீட்டுக்கு வாங்கிவிடாதீர்கள். அதில் ஸ்பீக்கரே கிடையாது. ஒருநாள் பாப்பா அதை ஆன் செய்து பத்து நிமிஷம் வாசித்துப் பார்த்துவிட்டு, "மாமா, உங்க கீபோர்டு ரிப்பேர்" என்று போன் போட்டாள்.

காசியோவுக்கு சஸ்டெயின் பெடல் (காலால் மிதித்தால் சத்தம் நீண்டு ஒலிக்கும்) தனியாகத்தான் வாங்க வேண்டும், அதையும் கடையிலேயே சொல்லி எடுத்துவிடுங்கள், நான் மறந்துபோய் இன்னொரு தடவை பஸ் ஏறினேன்.