ஒரே கால்பந்து கேமுக்கு 3, 12 என்று இரண்டு வயது: எந்த முத்திரையைப் பார்த்து வாங்குவது?

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு முடிந்ததும் ஒரு கால்பந்து கேம் வாங்கித் தருகிறேன் என்று அக்கா மகனிடம் சொல்லியிருந்தேன். அவன் கேட்டது இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24. வாங்கும் முன் அதன் வயது முத்திரைகளைத் தேடினால், ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி 3 என்கிறது, அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி எல்லாருக்கும் ஆகும் என்று ‘இ’ போட்டிருக்கிறது, ஜெர்மனியின் யுஎஸ்கே மட்டும் 12 என்கிறது. இத்தனைக்கும் அதில் அடிதடியோ ரத்தமோ கிடையாது. உள்ளே எந்த ஆட்டக்காரர் இருப்பார் என்று தெரியாமலே காசு கொடுத்துப் பிரிக்கும் பொட்டலங்கள், அதாவது லூட் பாக்ஸ், அதுதான் விஷயம். 2023 ஜனவரியிலிருந்து ஜெர்மனியில் இந்தக் காசு சமாச்சாரமும் வயதைத் தீர்மானிக்கும் கணக்கில் சேர்கிறது.

பெகியும் இஎஸ்ஆர்பியும் சும்மா இருக்கவில்லை, 2020இல் இதற்கென்று தனிக் குறிப்பு கொண்டுவந்தார்கள். ஆனால் குறிப்பு வந்தும் இந்த ஆட்டத்தின் எண் அப்படியேதான் இருந்தது. கடையில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். இதே பெகி, நிஜப் பணத்தைப் பந்தயம் கட்டவே முடியாத பலாட்ரோ என்ற சீட்டு விளையாட்டுக்கு, அதில் போக்கர் என்ற சூதாட்டச் சீட்டு முறை வருகிறது என்பதால் 18 கொடுத்து, முறையீடு வந்த பிறகு 2025இல் 12 ஆகக் குறைத்தது. இது எனக்கு ஏற்கவே முடியவில்லை. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பரில் எடுத்த முடிவு இதைவிடத் தெளிவு: காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் இருந்தால் குறைந்தது, 15 வயதுக்கு மேல் என்று பரிந்துரைக்கும் ‘எம்’, சூதாட்டத்தைப் போலவே அமைந்த ஆட்டம் என்றால் 18.

ஜப்பானின் கவலை வேறு. அங்கே செரோ அமைப்பின் உச்ச முத்திரை ‘இசட்’, 18 வயதுக்கு. உடல் துண்டாவதை அதிலும் அளவோடுதான் விடுவார்கள். தி கலிஸ்டோ புரோட்டோகால் என்ற திகில் ஆட்டம் 2022இல் அங்கே வெளிவராமலே போனது அதனால்தான்.

சரி, நம் சிங்கப்பூர்? 2007இல் மாஸ் எஃபெக்ட் ஆட்டத்தை ஒரு பாலியல் காட்சிக்காகத் தடை செய்து, சில நாளில் 18 வயதானவர்களுக்கு மட்டும் என்ற எம்18 முத்திரையோடு விட்டார்கள். அடுத்த வருடமே வகைப்பாட்டு முறை வந்தது. எம்18 என்றால் கடைக்காரர் வயதைப் பார்த்தே ஆக வேண்டும், அது சட்டம். அமெரிக்காவில் அந்தப் பிடி கிடையாது. சிறார்களுக்கு வன்முறை கேம் விற்பதைத் தடுத்த கலிபோர்னியாவின் சட்டத்தை 2011இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. இந்த இடத்தில் நம் முறையைத்தான் நான் மெச்சுவேன். குறை எங்கே என்றால், எம்18க்குக் கீழே 16 வயதுக்கு மேல் ஏற்றது என்று சொல்லும் ஏடிவி16 என்ற ஆலோசனை முத்திரை ஒன்றுதான், அதற்கும் கீழே உள்ள எல்லாமே பொது. 6 வயதுப் பிள்ளையும் 12 வயதுப் பையனும் ஒரே கூடையில்! பன்னிரண்டு வயதுக்காரனுக்கு வாங்கப் போகிற எனக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான்: ஆட்டத்துக்குள் என்னென்ன வருகிறது என்று அறிய இஎஸ்ஆர்பி தளத்தில் இருக்கும் சுருக்க விளக்கத்தைப் படிப்பேன், காசு விஷயத்துக்கு யுஎஸ்கே என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். பையனுக்கு 12 ஆகிவிட்டது, கேமை வாங்கிக் கொடுத்துவிட்டேன். “கார்டு நம்பரை மட்டும் அந்தக் கன்சோலில் போட்டு வைக்காதீங்க அக்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.