மாடு இன்னும் ஏப்பம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது

மாட்டின் ஏப்பத்தில் போகும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் குறைக்குமாம் என்று வாங்கிய கடற்பாசிப் பொடி மூட்டையைப் பிரித்தால் கருவாட்டு வாடை அடிக்கும் என்று நினைத்திருந்தேன். அடித்தது அயோடின் வாடை. காயத்துக்கு மருந்து போடும் அறைக்குள் நுழைந்தது போல இருந்தது. என் கறவைகளில் மூத்தவள் தொட்டிக்குள் மூக்கை விட்டாள், ஒரே மூச்சில் பொடியைப் பறக்கவிட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருகிறேன். அவளைக் கேட்டால் அதுவும் அதிகம் என்பாள்.

வாங்கியதற்குக் காரணம் பூமி சூடாவது மட்டும் அல்ல, கொஞ்சம் பேராசையும்தான். மாட்டின் முதல் வயிற்றில் நார் புளிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அதை அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனாக்கி விடுகின்றன. அந்த வாயு பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியேதான் போகிறது. எல்லாரும் நினைத்துச் சிரிக்கும் வழியாகப் போவது மிகக் குறைவு. தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிக் காற்றோடு கலக்கிறது. தீவனத்துக்குப் பணம் கொடுப்பவனுக்கு இந்தக் கணக்கு உறுத்தாமல் இருக்குமா?

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ‘கடற்பாசித் தீவனம், மீத்தேனைக் குறைக்கும்’ என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்ட ஒரு மூட்டையை வாங்கினேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ‘பழுப்புப் பாசி’ என்று இருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். பழுப்புப் பாசியில் தாது உப்பு உண்டு, அயோடின் உண்டு. ஆனால் இத்தனை பேச்சுக்கும் காரணமான பாசி அது அல்ல. அது அஸ்பராகாப்சிஸ் என்னும் சிவப்புப் பாசி. அதிலுள்ள புரோமோஃபார்ம் என்னும் வேதிப்பொருள்தான் மீத்தேன் உருவாகும் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதியை முடக்குகிறது. விற்றவரிடம் கேட்டேன். “எல்லாம் கடலில் வளர்வதுதானே!” என்றார்.

இரண்டாவதாக வாங்கியது சிவப்புப் பாசிதான். மேலே சொன்ன வாடை அதனுடையது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இறைச்சிக் காளைகளுக்கு இந்தப் பாசியைத் தீவனத்தில் 0.25, 0.5 சதவீத அளவில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில், தானியம் மிகுந்த தீவனத்தோடு கொடுத்தபோது மீத்தேன் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ உலர் எடை தின்றால் 0.5 சதவீதம் என்பது 50 கிராம், அவ்வளவே. ஒரு கைப்பிடிப் பொடிக்கு இவ்வளவு வேலையா என்று தோன்றும்.

ஆனால் அந்தக் கைப்பிடியை உள்ளே அனுப்புவதில்தான் பாடு. 10 கிராமில் தொடங்கி, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸில் குழைத்து, இரண்டு வாரத்தில் 50 கிராமுக்கு ஏற்றினேன். இளையவள் நாக்கைச் சுழற்றிச் சுழற்றித் தவிட்டை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, தொட்டியின் அடியில் செம்பழுப்பாக ஒரு கோடு மட்டும் மிச்சம் வைத்தாள். சல்லடை போட்டுச் சலித்தால்கூட அவ்வளவு சுத்தமாக வராது. மூத்தவள் முழு அளவு வந்ததும் தீவனத்தையே குறைத்தாள். பாலும் வேளைக்கு அரை லிட்டர் இறங்கியது. இது என் மாட்டின் வீம்பு மட்டும் அல்ல. அதே டேவிஸ் வளாகத்தில் 2019இல் கறவை மாடுகளுக்கு 1 சதவீதம் கொடுத்தபோது மீத்தேன் 67 சதவீதம் குறைந்திருக்கிறது, தீவனம் எடுப்பதும் 38 சதவீதம் குறைந்திருக்கிறது. மாடு தின்னாமல் இருந்தாலே மீத்தேன் குறையும், அதற்குப் பாசி எதற்கு?

சரி, வேலை செய்ததா? தெரியாது, என் கொட்டகையில் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆய்வுக் கூடங்களில் மாடு தலையை நுழைத்துத் தின்னும்போதே மூச்சை அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு தராசும் இரண்டு காதுகளும். ஏப்பச் சத்தம் முன்பு போலவே கேட்கிறது. கேட்கவும் வேண்டும், ஏப்பம் நின்றால் வயிறு உப்பி மாடு சாய்ந்துவிடும். மாற வேண்டியது ஏப்பத்துக்குள் இருக்கும் வாயு, அதற்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அதனால்தான் மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டியிருக்கிறது. அங்கேதான் எனக்குக் கோபம். புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகிவிடும் பொருள். பாசியை எப்படி உலர்த்தினார்கள், எத்தனை நாள் எந்த வெப்பத்தில் வைத்திருந்தார்கள் என்பதில்தான் அதன் வீரியம் இருக்கிறது. உறைநிலையில் உலர்த்துவதும் எண்ணெயில் ஊறவைப்பதும் இதற்காகத்தான். என் மூட்டையில் புரோமோஃபார்ம் அளவு இல்லை, உலர்த்திய தேதி இல்லை. சிரிக்கும் மாட்டின் படம் மட்டும் இருந்தது. எழுதிக் கேட்டதற்கு அதே மாட்டின் படம் போட்ட விளம்பரத் தாளை அனுப்பினார்கள். தகரக் கூரைக்கடியில் ஒரு மாதம் இருந்த பிறகு அந்தப் பொடியில் முதல் நாள் வாடையில் பாதிகூட இல்லை.

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் வாகனிங்கனில் நடந்த ஒரு சோதனையில் சில மாடுகளின் பாலிலும் சிறுநீரிலும் புரோமோஃபார்ம் தென்பட்டது. பாலில் சேராத சோதனைகளும் உண்டு. பாலில் அயோடின் ஏறுவதில் மட்டும் சந்தேகம் இல்லை. புரோமோஃபார்மைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இதைப் படித்த அன்றே கறவைகளுக்கு நிறுத்திவிட்டேன்.

அளவையும் தேதியையும் அச்சிட்டால் மூன்றாவது நட்சத்திரத்தைத் தருகிறேன், இன்னொரு மூட்டையும் வாங்கிப் பார்ப்பேன். ஏமாந்து வாங்கிய பழுப்புப் பாசியைத் தாது உப்போடு கலந்து வைத்தேன். முகத்தைத் திருப்பிய மூத்தவள் அதை மட்டும் தொட்டி பளபளக்க நக்கிவிடுகிறாள்.