எந்த ஆஸ்டர் நம்மூர் மழைக்கு நிற்கும்?

ஆஸ்டர் என்ற பூச்செடியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் 'எதையும் தாங்கும் செடி' என்று ஒரு வரி கண்ணில் படும். பொய் இல்லை. ஆனால் அப்படி எழுதுகிறவர்கள் சொல்வது உறைபனியை. மண் உறைந்து கிடக்கும் மாதங்களில் வேரோடு தூங்கி, வெயில் வந்ததும் துளிர்க்கும் என்கிறார்கள். நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. நமக்கு வருவது மழை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டும் முறை வைத்துப் பெய்யும் மாவட்டம் இது. அதனால் தக்கலைப் பக்கம் எங்கள் விளையிலும் (தோட்டத்திலும்) மொட்டைமாடியிலும் மூன்று வகை ஆஸ்டரை நட்டுப் பார்த்தபோது, நான் கவனித்தது ஒன்றைத்தான்: ஈரத்தில் எது பிழைக்கிறது?

முதலாவது மிக்கேல்மஸ் டெய்சி. செப்டம்பர் 29, நம் கடலோர ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த மிக்கேல் அதிதூதர் திருநாள். இங்கிலாந்தில் அதை ஒட்டிப் பூப்பதால் இந்தப் பெயர். செடியின் சொந்த ஊர் என்னவோ வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. அதில் நியூ இங்கிலாந்து வகை நாலைந்து அடி உயரம் வளரும், இலையில் வெள்ளைப் பொடி படிகிற சாம்பல் நோயும் குறைவு. நியூயார்க் வகை அழகுதான், ஆனால் சாம்பல் நோய் விடாது. நான் நியூ இங்கிலாந்து வகை விதையை ஈரமணலில் கலந்து ஆறு வாரம் ஃபிரிட்ஜில் வைத்து முளைக்க வைத்தேன். இலை வந்தது, தண்டு நீளவே இல்லை. ஐப்பசி மழையில் அடித்தண்டு அழுகிப்போனது.

காரணம் பிறகு புரிந்தது. கோடையின் நீண்ட பகலில் வளர்ந்து, பகல் சுருங்கும்போது பூக்கும் செடி அது. லண்டனில் கோடைப்பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலத்தில் 8 மணி நேரம்கூட இருக்காது. குமரிமுனையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒரு மணி நேரம்தான். செடிக்குப் பருவம் எப்படித் தெரியும்? ஊட்டி, கொடைக்கானலில் யாராவது வைத்தால் நான் சந்தோஷப்படுவேன். இங்கே வேண்டாம்.

அடுத்தது சைனா ஆஸ்டர். நம் பூக்கடைகளில் ஆஸ்டர் என்றால் இதுதான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சஷாங்க், வயலட் குஷன் எல்லாம் இந்த வகை. ஒருமுறை பூத்தால் செடியின் ஆயுள் முடிந்தது. நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பூ வந்துவிடும், பூவும் நல்ல அடர்த்தி.

ஓணத்துக்கு அத்தப்பூ போட வீட்டுப் பூவே இருக்க வேண்டும் என்ற ஆசையில் வைகாசியில் விதைத்தேன். நாற்பது செடியில் பாதி, மொட்டு வைக்கும் நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி வாடியது. தண்டைக் கீறினால் உள்ளே பழுப்பு. ஃபியூசேரியம் வாடல் நோய். அந்தப் பூஞ்சை மண்ணில் வருடக்கணக்கில் தங்கும், அதே இடத்தில் மறுபடி ஆஸ்டர் வைக்கக் கூடாது. இப்போது கார்த்திகைக் கடைசியில் சன்ஷேடுக்குக் கீழே விதைத்து, தையில் புது மண் நிரப்பிய பையில் மாற்றி நடுகிறேன். மாசி, பங்குனியில் அருமையாகப் பூக்கிறது. ஆனால் அது ஓணப் பூ இல்லையே! விதையையும் வருடம் தாண்டி வைக்காதீர்கள், முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

மூன்றாவதுதான் என் மனசுக்குப் பிடித்தது. அமெல்லஸ் ஆஸ்டர். ஆந்திரா, கர்நாடகப் பக்கம் டெய்சி என்று சொல்லி, பொக்கேயில் இடை நிரப்ப விற்கிறார்கள். பூ சின்னது, சைனா ஆஸ்டரின் பகட்டு கிடையாது. ஆனால் பக்கக்கன்று விட்டுப் புதராகும். கனமழையில் மேல்தண்டு அழுகினாலும் தரையோடு வெட்டிவிட்டால் அடியிலிருந்து புதுத் துளிர் வருகிறது. போன மழையில் பன்னிரண்டு புதரில் ஒன்பது இப்படி மீண்டன.

அதற்காக எங்கே வைத்தாலும் வளரும் என்று நினைக்க வேண்டாம். இதன் பூர்வீகம் ஐரோப்பாவின் சுண்ணாம்பு மண், தண்ணீர் தேங்கினால் இதுவும் போகும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் புளிப்பு மண். நான் ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, ஆற்றுமணலும் மட்கிய சாணியும் கலந்து, புதருக்கு ஒரு கைப்பிடி சிப்பிச் சுண்ணாம்புத் தூள் போடுகிறேன். செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி. தென்னை நிழலில் பூ குறைகிறது, காலை வெயில் படும் ஓரம் நல்லது.

ஊதா நிறம் மட்டும் போதும் என்றால் வாடாமல்லி போடுங்கள். ஓண நேரத்தில் தோவாளைச் சந்தையில் அது குவிவதற்குக் காரணம் இருக்கிறது: எங்கள் வீட்டில் மழை, வெயில் இரண்டுக்கும் அது முகம் சுளித்ததில்லை. ஆஸ்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கு, மாசிப் பூவுக்குப் பையில் சைனா ஆஸ்டர், வருடக்கணக்காக நிற்க மேட்டில் அமெல்லஸ். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தையில் புதரைத் தோண்டி, நடுவிலிருக்கும் முற்றின கட்டையை எறிந்துவிட்டு, ஓரத்து இளங்கன்றை மட்டும் திரும்ப நடுங்கள். மிஞ்சுகிற கன்றை நான் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவேன்.