எண்ணூரை எதைக் கொண்டு அளப்பது: ஆற்றல் கணக்கா, எக்ஸர்ஜி கணக்கா?

வளர்ச்சி தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க வெப்ப இயக்கவியலில் இரண்டு கணக்குகள் உண்டு. ஆற்றல் கணக்கு, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் எண்ணும். மின்கட்டண ரசீதும் நிலக்கரி எடையும் இருந்தாலே போட்டுவிடலாம். எக்ஸர்ஜி கணக்கு, அந்த ஆற்றலில் அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று கேட்கும்.

எண்ணூர் வட்டாரத்து அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஆற்றல் கணக்கு, வேலை முடிந்த நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரைத்தான் குற்றவாளியாக்கும். வெப்பத்தில் பெரும்பங்கு அங்கேதான் வெளியேறுகிறது. ஆனால் சுற்றுப்புறம் 30 டிகிரி, வெளியேறும் வெப்பம் 40 டிகிரி என்றால், இரண்டிலும் 273 கூட்டிக் கெல்வினாக்கி, 1 − 303/313: நூறு அலகு வெப்பத்தில் மூன்று அலகு வேலைதான் மிஞ்சும். பெரிய இழப்பு பாய்லரில். ஆயிரம் டிகிரி தாண்டிய சுவாலையின் வெப்பம் 540 டிகிரி நீராவிக்கு இறங்கும்போதே வேலை வாங்கும் தரம் போய்விடுகிறது. பணத்தை எங்கே போடுவது என்ற முடிவே இதனால் மாறும்.

மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்புக்கும் எக்ஸர்ஜிதான் பொருந்தும். கடல்நீரில் பாதியை நன்னீராகப் பிரிக்க, கோட்பாட்டுப்படி கன மீட்டருக்குச் சுமார் 1 யூனிட் போதும். சவ்வூடு பரவல் ஆலைகள் பொதுவாக 3 முதல் 4 யூனிட் இழுக்கும். எவ்வளவு மிச்சப்படுத்த இடமிருக்கிறது என்பது இதில் பளிச்சென்று தெரியும்.

கவனம்: கெல்வினுக்கு மாற்றாமல் செல்சியஸில் வகுத்தால் விடை தப்பு. சுற்றுப்புற வெப்பநிலையாகப் பாடநூலின் 25 டிகிரியை அப்படியே வைத்தால் மேலே சொன்ன மூன்று, ஐந்தாகிவிடும். கொசஸ்தலையாற்றில் சேரும் நிலக்கரிச் சாம்பலின் நச்சை இரண்டு கணக்குமே காட்டாது. அதற்குத் தனியாக நீர், மண் பரிசோதனை வேண்டும்.