டெமோ சிடிக்காகவே வாங்கலாம்: 'அவுட் ஆஃப் டைம்' 25-ஆம் ஆண்டுப் பதிப்பு

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஆர்.இ.எம்.-இன் 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பத்துக்கு 2016-ல் 25-ஆம் ஆண்டுப் பதிப்பு போட்டார்கள். பெரிய பெட்டியில் மூன்று சிடி, ஒரு ப்ளூ-ரே. இதில் எனக்கு உயிர் இரண்டாவது சிடிதான். முழுக்க டெமோ பதிவுகள், அதாவது இறுதிப் பதிவுக்கு முன் முயன்று பார்த்தவை, அதிலும் 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டுக்கு மட்டும் இரண்டு: ஒன்றில் குரலே இல்லை, இன்னொன்றில் குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப் பாடுகிறார்.

இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு கேட்டால் இதன் அருமை புரியும். 1989 முழுக்க எலக்ட்ரிக் கிதாரோடு ஊர் ஊராகச் சுற்றி அலுத்துப்போன குழுவின் கிதார் கலைஞர் பீட்டர் பக், புதிதாக வாங்கிய மேண்டலினை டிவி பார்த்துக்கொண்டே பழகியிருக்கிறார், பழகுவதை டேப்பிலும் பிடித்து வைத்திருக்கிறார். மறுநாள் போட்டுக் கேட்டால் தட்டுத்தடுமாறி வாசித்ததற்கு நடுவே இந்த மெட்டு மட்டும் முழுசாகக் கிடக்கிறது, அதற்குப் பிறகு மறுபடியும் அதே தடுமாற்றம். கைக்குப் பழகாத வாத்தியம் என்பதால்தான் இப்படி ஒரு மெட்டு வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன், கிதாரில் அவர் விரல்கள் பழகிய தடத்திலேயே போயிருக்கும்.

குரல் இல்லாத டெமோவை முதலில் கேளுங்கள், அப்புறம் முதல் சிடியில் இருக்கும் முழுப் பாட்டைக் கேளுங்கள். மேண்டலினுக்குக் கனம் கிடையாது, அதைத் தரையில் நிறுத்துவது குழுவின் மைக் மில்ஸ் வாசிக்கும் பேஸ் கிதார். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் மெக்வீயை மனதில் வைத்து அமைத்ததாக மில்ஸே சொல்லியிருக்கிறார். அட்லாண்டா சிம்பொனி கலைஞர்களின் வயலின்கள் பிறகு சேர்ந்தவை. ஆல்பத்தில் நாம் கேட்கும் ஸ்டைப்பின் குரல் ஒரே டேக்கில் பாடியது. ஒருதலைக் காதலில் தவிப்பவன் குரல் அது, திருத்தித் திருத்திப் பாடியிருந்தால் அந்தத் தவிப்பு நின்றிருக்காது.

திரும்பத் திரும்ப வரும் கோரஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை, முன்னால் நிற்பது மேண்டலின், இதைப் போய் ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் முதல் பாட்டாக, அதாவது முதல் சிங்கிளாக விடுவதா என்று இசைத்தட்டு நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் தயங்கியது. கடைசியில் 1991-ல் அமெரிக்க பில்போர்டு பாடல் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. இந்தியாவில் பிறந்த தர்செம் சிங் இயக்கிய வீடியோவுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

மூன்றாவது சிடி 1991-ல் மேற்கு வர்ஜீனியாவின் 'மவுண்டன் ஸ்டேஜ்' வானொலி நிகழ்ச்சிக்காக வாசித்தது. கூட்டத்துக்கு முன்னால் அடக்கமாக வாசித்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது, ஆனால் அடிக்கடி போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. ப்ளூ-ரே தீவிர ரசிகர்களுக்கு. ரீமாஸ்டர் செய்த, அதாவது ஒலியைப் புதிதாகச் செப்பம் செய்த முதல் சிடியில் என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆல்பமும் டெமோவும் மட்டும் உள்ள இரண்டு சிடி பதிப்பும் உண்டு. பாட்டு உருவான விதம்தான் வேண்டும் என்றால் அதை வாங்குங்கள், போதும்.